முகம் பார்க்காத அறை

7

"வைன் வைக்கிற ரூமா? அதையும் உள்ள போயி ஒரு தடவ பாத்துடறோம் சார்" என்று சொன்னவன் காத்தவராயன்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளலாம் போல வரப்போகிறது என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

புருஷோத்தமன் பூரித்துப்போனார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி.

"பிரெஞ்சுல இதக் 'காவ்'னு சொல்வாங்க. எங்க கொள்ளுத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்து, சைகோன்லேர்ந்து திரும்பி வந்து கட்டின வில்லா இது. ஒரு கிளாஸ் வைன் இல்லாம சாப்பாட்டுல உக்கார மாட்டாராம்."

"அப்ப சாப்பாடு எங்க செய்வாங்க?" என்று மஹீரா கேட்டாள்.

"அதெல்லாம் பின்னாடி எங்கயோ மேடம். இப்ப இடிச்ச சாமானப் போட்டுப் பூட்டி வெச்சிருக்கோம். சமையக்கட்ட யாரு போட்டோ புடிக்கப் போறாங்க?"

அதற்குள் அவருடைய போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் முகம் மாறியது. "இப்பவே கிளம்பிட்டாரா? மூணு மணிக்குன்னுதானே சொன்னாரு!" என்று கத்திக்கொண்டே வாசலைப் பார்க்க ஓடினார்.

மஹீராவும் காத்தவராயனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தார்கள்.

மஹீரா டவுனில் ஒரு ஜமக்காளக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்துப் பிடித்து, கடைசியில் அதையே சொந்தத் தொழிலாக்கிக்கொண்டவள். காத்தவராயன் வீராம்பட்டினத்துக்காரன். கடலுக்குப் போகமாட்டேன் என்று அப்பனோடு சண்டை போட்டுவிட்டு வந்து, அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். வேலையில் பாதி வாய்தான்.

இன்றைக்கு மஹீரா, சென்னையிலிருந்து கல்யாணப் படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்த கம்பெனியின் முதலாளி. அவன் போட்டோகிராபர். தலையில் தொப்பி, கழுத்தில் பேட்டரி இல்லாத கேமரா.

வந்த காரியம் வேறு. அரியாங்குப்பத்தைத் தாண்டி வீராம்பட்டினம் போகும் சாலையில் இருக்கும் இந்தக் கட்டடத்துக்கு, வாசலில் 'வில்லா' என்று பலகை மாட்டும் வரை ஊரில் ஒரே பேர்தான்: சத்திரம். ஆடித் தேருக்கு நடந்து வருகிற ஜனங்களுக்காக, எண்ணெய் வியாபாரி ஒருவர் பிரெஞ்சுக்காரன் காலத்தில் கட்டியது. பிற்காலத்தில், போக்கிடம் இல்லாத நாலு பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு கூடவே இருந்தவள் தனம். இதை ஓட்டலாக்க நினைத்த புருஷோத்தமன், பிரெஞ்சுக்காரன் காலத்து நொத்தேர் பதிந்ததாக ஒரு பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இது சத்திரமே இல்லை, எங்கள் பரம்பரை வீடு என்று வழக்குப் போட்டார். போன வாரம் அந்த நாலு பேரையும் ஒரு வேனில் ஏற்றி எங்கேயோ அனுப்பியாயிற்று.

இன்றைக்குக் கோர்ட் நியமித்த கமிஷனர் நேரில் வந்து, இது வீடா சத்திரமா என்று பார்த்து எழுதிக் கொடுக்கப் போகிறார். அவர் எதிரில் நின்று, இது சத்திரம்தான், இங்கே அடுப்பு அணைந்ததே இல்லை என்று சொல்லக்கூடியவள் தனம் ஒருத்திதான். அந்தத் தனத்தை நேற்றுக் காலையிலிருந்து காணோம். சேதராப்பட்டுக் கம்பெனியில் வேலை செய்யும் அவள் மகள் அபி, சீருடையைக்கூட மாற்றாமல் மஹீராவின் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

"அவன்தான் எங்கம்மாவ எங்கயோ அடைச்சு வெச்சிருக்கான் மேடம்."

அடைத்து வைக்க இந்தக் கட்டடத்தில் எங்கே இடம் இருக்கிறது? காலையிலிருந்து முற்றம், தாழ்வாரம், மேல்மாடி எல்லாம் பார்த்தாகிவிட்டது. பூட்டிக் கிடக்கும் சமையல்கட்டை விட்டால், மிச்சம் இந்தக் 'காவ்' ஒன்றுதான்.

கதவு சிறியது. குனிந்துதான் நுழைய வேண்டும். காத்தவராயன் முதலில் நுழைந்தான். மஹீரா பின்னால் வந்தாள். கதவு தன் கனத்தில் தானே மெல்லச் சாத்திக்கொண்டது. அதைத் தொடர்ந்து சுவருக்குள்ளே எங்கேயோ கர்ர்ர் என்று மரம் இழைந்து, டொப்பென்று நின்றது.

அவன் கதவை இழுத்தான். அசையவில்லை. தோளைக் கொடுத்து இடித்தான். தோள்தான் அசைந்தது.

"அக்கா."

"ம்."

"நாம யாருன்னு அந்த வெள்ளச் சட்டைக்குத் தெரிஞ்சுபோச்சு. மாட்டிக்கினோம்."

மஹீரா போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை. அதன் விளக்கைப் போட்டு அறையைச் சுற்றிக் காட்டினாள். ஒரு மாட்டு வண்டியை நிறுத்தினால் மாடு வெளியே நிற்க வேண்டிய அளவுதான் அறை. இரண்டடிச் சுண்ணாம்புச் சுவர். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம். எதிர்ச் சுவரில் சந்துப் பக்கம் ஒரு வாசல் இருந்திருக்கிறது. அதைப் புதுச் சிமென்ட் கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

"கட்டுமரம் கவுந்தா நீந்திக்கலாம்" என்றான் காத்தவராயன். "செவரு கவுந்தா இன்னாக்கா பண்றது?"

"ஒளரு, வேணாங்கல. மெதுவா ஒளரு. காத்து கம்மியா இருக்கு."

அதைக் கேட்டதும் அவனுக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது. பத்து வயதில், கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்கு அடியில் ஒளிந்து விளையாடப் போனபோது, அது தெரியாமல் யாரோ மேலே வலையைக் குவித்துவிட்டார்கள். கத்திக் கத்தித் தொண்டை போனது. அன்றையிலிருந்து அவன் தியேட்டரில்கூட ஓர நாற்காலிதான் கேட்பான். கால் தானாகக் கதவுக்கும் சுவருக்குமாக நடக்க ஆரம்பித்தது.

"உக்காரு ராயா."

சுவரோரம் ஒரு தாழ்வான மேடை இருந்தது. உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்தான். உடனே துள்ளி எழுந்தான்.

"செவரு சுடுதுக்கா!"

"வெயில் காலம்."

"இது வெளிச் செவரு இல்லக்கா. உள் செவரு. தொட்டுப் பாரு, கறி வெந்துடும்."

மஹீரா கையை வைத்தாள். எடுக்கவில்லை. அவள் முகத்தில் அவனுக்குப் பழக்கமான ஒரு மாற்றம் வந்தது. கடையில் நல்ல துணியைத் தடவிப் பார்க்கிறவள் முகம் மாதிரி.

"வைன எப்படி வெக்கணும்?"

"வாங்கிக் குடு, வெச்சுக் காட்டறேன்."

"குளிர்ச்சியா வெக்கணும். இந்தச் செவத்துக்கு அந்தப் பக்கம் அடுப்பு இருக்கு. எவனாவது அடுப்புக்கு முதுகு குடுத்து வைன் ரூம் கட்டுவானா?" விளக்கை மூலைக்குத் திருப்பினாள். அங்கே தரையில் ஆழமில்லாத ஒரு கல் தொட்டி. அதிலிருந்து சந்துப் பக்கம் போக ஒரு சின்ன வாய்க்கால். "கை கழுவுற இடம். பாட்டிலு கை கழுவுமா?"

"குடிச்சவன் கழுவுவான்."

"இங்க பாரு." மேடைக்கு மேலே, உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், சுவர் நெடுகக் கறுப்பாக எண்ணெய் ஏறியிருந்தது. எத்தனையோ தலைகள் சாய்ந்து சாய்ந்து ஏறிய எண்ணெய். "ஆளுங்க உக்காந்த ரூம் இது. தனித்தனியா வந்து, வரிசையா உக்காந்த ஆளுங்க."

அந்தச் சமயத்தில் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கதவை யாரோ பிடித்து உலுக்கினார்கள்.

"மேடம்! உள்ள இருக்கீங்களா? ஏன் உள்பக்கம் தாழ் போட்டீங்க?"

புருஷோத்தமன் குரல். காத்தவராயன் வாய் பிளந்து மஹீராவைப் பார்த்தான். மஹீரா உதட்டில் விரலை வைத்தாள்.

"நாங்க போடல சார். கதவு மாட்டிக்கிச்சு" என்றாள் சத்தமாக.

மறுபடி உலுக்கல். ஒரு உதை. அப்புறம், "அய்யோ, இந்த நேரத்துலயா!" என்று ஒரு புலம்பல். "மேடம், தப்பா நினைக்காதீங்க. ஒரு ஆபீசர் வர்றாரு. சின்ன விஷயம்தான், வந்து பாத்துட்டுப் போயிடுவாரு. அது வரைக்கும் சத்தம் போடாம இருங்க. அவரு போனதும் ஆசாரியக் கூட்டியாந்து கதவ அறுத்துடறேன். படப்பிடிப்புக்குப் பாதி வாடகை குடுத்தாப் போதும்."

சொல்லிவிட்டு, கனமான எதையோ கரகரவென்று இழுத்துவந்து கதவை ஒட்டி நிறுத்தினார். தாழ்வாரத்தில் அலங்காரத்துக்காக வாங்கிப் போட்டிருந்த பாட்டில் அலமாரியாகத்தான் இருக்க வேண்டும். கதவிடுக்கில் தெரிந்துகொண்டிருந்த கோடு வெளிச்சமும் போயிற்று.

போன் விளக்கையும் உச்சித் துவாரத்தையும் விட்டால், இனி இருட்டுதான்.

"ஒரு பூட்டு பத்தலன்னு ரெண்டாவது பூட்டா?" என்றான் காத்தவராயன். குரல் கிறீச்சிட்டது அவனுக்கே கேட்டது. "அக்கா, நம்மள அடைச்சது அவன் இல்லன்னா, வேற யாருக்கா?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன். அவன் அடைச்சது வெளியிலேர்ந்து, இப்பதான். மொதல்ல அடைச்சது செவத்துக்குள்ளேர்ந்து. தாழ்ப்பாள் சத்தமா கேட்டுச்சு உனக்கு? இல்ல. ஒரு கட்டை ஓடின சத்தம். செவத்துக்குள்ளயே குறுக்குக் கட்டை வெச்சிருக்காங்க. அத இழுக்கிற ஆளு இந்தச் சுடுற செவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கணும்."

"அந்தப் பக்கம் பூட்டிக் கெடக்கு, இடிச்ச சாமான் கெடக்குன்னானே?"

சுவர் பதில் சொன்னது.

டக்.

கல்லின் மேல் உலோகத்தை வைத்த சத்தம். மேடைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், சுவரில் இருந்த ஒரு பொந்துக்குள்ளிருந்து வந்தது. அதுவரை அதை எலிப்பொந்து என்றுதான் காத்தவராயன் நினைத்திருந்தான். மஹீரா விளக்கை அதற்குள் அடித்தாள். பொந்து நேராகப் போகவில்லை. மடக்கிய முழங்கை மாதிரி உள்ளே வளைந்து மறைந்தது. வெளிச்சம் வளைவில் முட்டி நின்றது.

"கைய விட்டுப் பாரு."

"நானா?"

"என் கை எட்டாது."

"பாம்பு கை நீளம் பாத்தா கடிக்கும்?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டான். தோள் வரை போயிற்று. வளைவில் வழவழவென்று ஒரு கல் பலகை. அதன் மேல் சில்லென்று ஒன்று விரலில் பட்டது. அலறிவிட்டு, அலறியபடியே வெளியே எடுத்தான். தண்ணீர் நிரம்பிய பித்தளைச் சொம்பு.

அவன் அதைக் கீழே வைப்பதற்குள் மறுபடி ஒரு சத்தம். இந்தத் தடவை மெத்தென்று. கையை விட்டான். தையல் இலை. ஓரத்தில் கொஞ்சம் உப்பு. நடுவில் சோறு. மேலே பருப்பு ரசம். ஆவி பறந்தது.

அதற்குப் பின்னால் இரண்டாவது இலை.

"தொடாதக்கா!" என்றான். "விஷம்."

"விஷம் வெக்கிறவன் உப்ப மொதல்ல வெச்சு, அப்புறம் சோறு வெச்சு, அதுக்கு முன்னாடி கை கழுவத் தண்ணியும் குடுப்பானா?" மஹீரா கல் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "ராயா, ஆள அடைச்சு வெக்கிறவன் மொதல்ல இன்னா பண்ணுவான்?"

"மெரட்டுவான். இன்னா வேணும்னு கேப்பான். காசு கேப்பான்."

"இந்த ஆளு ஒண்ணும் கேக்கல. மத்தியானம் ஆச்சு, உள்ள ரெண்டு பேரு இருக்காங்க, சோறு போடணும். அவ்வளவுதான். அடைச்சு வெச்ச ஆளையே பட்டினி போடத் தெரியாத ஒருத்தர் இந்த ஊருல யாரு?"

காத்தவராயனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. உறைத்ததும் இலையைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டான்.

"நாம தேடி வந்த அம்மாவே நம்மள அடைச்சு வெச்சுட்டாங்களா!"

மஹீரா பொந்தின் பக்கம் குனிந்தாள். "தனம்மா" என்று கூப்பிட்டாள். "ரசத்துல பெருங்காயம் தூக்கலா இருக்கு. உங்க மக அபி சொன்னாப்பலயே."

சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், வளைந்து வளைந்து, எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"சாப்புடுங்க. பேசாம சாப்புடுங்க."

"நாங்க அபி அனுப்பின ஆளுங்க."

"ஓட்டல்காரன் அனுப்பின ஆளுங்க. காலையிலேர்ந்து மேல நடந்துகிட்டு இருந்தீங்களே, கேட்டேன். 'இங்க பொண்ணு நிக்கட்டும், இங்க மாப்பிள்ள சாயட்டும், இங்க டிரோன் உடலாம்'னு."

காத்தவராயன் தலையில் கையை வைத்துக்கொண்டான். அத்தனையும் அவன் அடித்த வசனம். டிரோன் அவன் சொந்தக் கற்பனை.

"அம்மா, அது சும்மா வேஷம். நான் வீராம்பட்டினத்துக்காரன். என் பேரு..."

"பேரு சொல்லாத!" குரல் சட்டென்று உயர்ந்தது. "அந்த ரூம்புல உக்காந்து யாரும் பேரு சொல்லக் கூடாது. நான் கேக்கவும் கூடாது."

"ஏம்மா?"

"அந்த ரூம்ப கட்டினதே அதுக்குத்தான். நல்லா வாழ்ந்த குடும்பம் இருக்கும், நொடிச்சுப்போயிருக்கும். முற்றத்துல நாலு பேரு பாக்க இலையில உக்கார மானம் விடாது. அவங்க சந்து வழியா வந்து அங்க உக்காருவாங்க. போடுறவளுக்கு வாங்குறவங்க மூஞ்சி தெரியக் கூடாது, வாங்குறவங்களுக்குப் போடுறவ மூஞ்சி தெரியக் கூடாதுன்னு அந்தப் பொந்த வளைச்சுக் கட்டியிருக்காங்க. சாப்புடுறப்ப எவனும் கதவத் தொறந்துடக் கூடாதுன்னு கட்டையையும் இந்தப் பக்கம் வெச்சிருக்காங்க. புயலு வருசம் எல்லாம் கடக்கரைக்காரங்கதான் நெறைய வருவாங்களாம். எனக்கு முன்னாடி இருந்த அம்மா சொல்லும்."

காத்தவராயன் கறுப்பேறிய சுவரைத் திரும்பிப் பார்த்தான். சத்திரத்துச் சோறு நம்ம ஜனம் தொடாது என்று அவன் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறான். பெருமையாகச் சொல்வார். இந்தக் கறுப்பில் அவர் அப்பனுடைய தலை எண்ணெய் எவ்வளவோ? அவனுக்கு ஏதாவது தமாஷாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்து ஒரு கவளம் சாப்பிட்டான்.

மஹீரா விடவில்லை. "தனம்மா, நீங்க எப்படி உள்ள வந்தீங்க? வெளியில பூட்டு தொங்குதே?"

"சாம்பலு தள்ளுற வழி ஒண்ணு பின்னாடி இருக்கு. நேத்து அரிசியும் கரியும் தூக்கிகிட்டு வந்துட்டேன். கரி அடுப்புல புகை வராது."

"அபிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? அவ அழுது வீங்கிப்போயிருக்கா."

"அவகிட்ட சொன்னா கையப் புடிச்சு இழுத்துகிட்டுப் போயிருப்பா. சேதராப்பட்டுல ஒரு ரூமு, நாலு பொண்ணுங்க தங்கற ரூமு. நீயும் வந்து படுத்துக்கம்மான்னு சொல்றா. நான் போயிட்டா இந்த அடுப்பு அணைஞ்சிடும். அணைஞ்ச அடுப்பப் பாத்தா அந்த ஆபீசரு வீடுன்னுதானே எழுதுவாரு? அவரு வர்றப்ப நீங்க ரெண்டு பேரும் அங்க நின்னு ஓட்டலு, கல்யாணம்னு பேசக் கூடாதுன்னுதான் கட்டைய இழுத்தேன். அவரு வரட்டும். நான் வெளிய வந்து எல்லாத்தையும் சொல்றேன்."

"வராதீங்க" என்றாள் மஹீரா.

"இன்னாது?"

"நீங்க வெளிய வந்தா புருஷோத்தமன் இன்னா சொல்வாரு தெரியுமா? சாம்ப வழியாத் திருட்டுத்தனமா நுழைஞ்ச பொம்பளன்னு சொல்வாரு. அவரு கையில பத்திரம் இருக்கு. உங்க கையில கரண்டிதான் இருக்கு. கமிஷனரு பத்திரத்தத்தான் பாப்பாரு."

தனத்தின் குரல் இறுகி வந்தது. "அப்ப நீங்க அவனோட ஆளுங்கதான். என்னை உள்ளயே உக்காத்தி வெச்சுடப் பாக்கறீங்க."

"இத எப்படிக்கா நிரூபிக்கிறது?" என்று காத்தவராயன் முணுமுணுத்தான். "மூஞ்சியக் காட்டக் கூடாது, பேரச் சொல்லக் கூடாது. ஆதார் கார்ட பொந்துல விட்டா அதுலயும் பேரு இருக்கு."

மஹீரா இருட்டில் சிரித்தது அவனுக்குத் தெரிந்தது. "நிரூபிக்க வேணாம். தனம்மா, எங்கள நம்பாதீங்க. ஒரே ஒண்ணு கேக்கறேன். இந்த ரூம்புக்குப் பசியோட ஒருத்தரு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"சோறு போடுவேன். இது இன்னா கேள்வி?"

"அத மட்டும் பண்ணுங்க."

அப்போதுதான் தாழ்வாரத்தில் பேச்சுக் குரல்கள் கேட்டன. புருஷோத்தமன் குரல் முன்னால் வந்தது. இதோ மேல்மாடி, இதோ சைகோன் மர நாற்காலி. பின்னால், அவசரமில்லாத இன்னொரு குரல், ம், ம் என்று.

"இப்ப கத்து" என்றாள் மஹீரா.

காத்தவராயன் கத்தினான். கரையிலிருந்து அலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற படகைக் கூப்பிடுகிற கத்தல் அது. எந்தத் தொழிலிலிருந்து ஓடி வந்தானோ, அந்தத் தொழிலின் தொண்டை. அவன் அப்பா கேட்டிருந்தால் அன்றைக்கே அவனை மன்னித்திருப்பார். மஹீரா பித்தளைச் சொம்பால் கதவை மத்தளம் கொட்டினாள்.

"உள்ள யாரு?" அவசரமில்லாத குரலில் இப்போது அவசரம்.

"அது... படப்பிடிப்புக்கு வந்தவங்க. உள்ள தாழ் போட்டுகிட்டு வர மாட்டேங்கறாங்க சார்."

"பின்ன ஏன் கதவு முன்னாடி அலமாரிய நிறுத்தியிருக்கீங்க?"

அலமாரி நகர்ந்தது. பாட்டில்கள் கிணுகிணுத்தன. கதவிடுக்கில் வெளிச்சக் கோடு திரும்பி வந்தது. யாரோ கதவைத் தள்ளினார்கள். திறக்கவில்லை.

"பாத்தீங்களா சார், உள்ளேர்ந்து போட்டிருக்காங்க. ஆசாரிய வரச்சொல்லி நாளைக்கு..."

"ஆசாரிய இப்பவே கூப்பிடுங்க. நாளைக்கு நான் வரமாட்டேன். கோர்ட்டுல சாயங்காலம் எழுதிக் கொடுக்கணும்" என்றது அந்தக் குரல். காலடி திரும்பும் சத்தம் கேட்டது.

திரும்பிப் போய்விட்டால் எல்லாம் போச்சு. மஹீரா பொந்தில் வாயை வைத்து, மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

"தனம்மா, சாப்பாட்டு நேரத்துல ஒருத்தரு வாசல்ல நிக்கிறாரு. சாப்புட்டாரா இல்லையான்னு தெரியல. அப்படியே திருப்பி அனுப்பவா?"

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

கர்ர்ர்.

சுவருக்குள் கட்டை ஓடியது. காத்தவராயன் இழுத்ததும் கதவு மெல்ல உள்பக்கமாகத் திறந்துகொண்டது. வெளியே கறுப்புக் கோட்டு போட்ட ஒல்லியான மனிதர், கையில் அட்டையும் பேனாவுமாக, கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். வக்கீல் கமிஷனர் முத்துவேல். அவருக்குப் பின்னால் புருஷோத்தமன் முகம் சுண்ணாம்பு.

காத்தவராயன் ஒரே தாவில் வெளியே பாய்ந்து, முற்றத்து நடுவில் போய் நின்று, வானத்தைப் பார்த்து வாயாலேயே காற்றைக் குடித்தான். மஹீரா வெளியே வரவில்லை.

"சார், நான் மஹீரா. காணாமப் போன ஒரு அம்மாவத் தேடி வந்தேன். அதப் பிறகு சொல்றேன். நீங்க ஒரு நிமிஷம் இங்க வந்து உக்காருங்க."

"இது வைன் வைக்கிற ரூம் சார்" என்று புருஷோத்தமன் முந்திக்கொண்டார். "அந்தப் பொந்து காத்தோட்டத்துக்கு. பாட்டிலு குளிர்ச்சியா இருக்கணும்னு..."

முத்துவேல் குனிந்து உள்ளே நுழைந்தார். மேடையில் உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தவர், புருவத்தை உயர்த்தி, சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"குளிர்ச்சியா இருக்கணும். சரி. இந்தச் செவரு ஏன் சுடுது?"

"வெயிலு..."

"அந்தப் பக்கம் இன்னா இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். ரொம்ப வருஷமா பூட்டிக் கெடக்கு."

டக்.

முத்துவேல் பொந்தைப் பார்த்தார். மஹீரா ஒன்றும் பேசாமல் கையால் காட்டினாள். அவர் கறுப்புக் கோட்டின் கையை மேலே சுருட்டி உள்ளே விட்டார். சொம்பு வந்தது. பிறகு இலை. உப்பு, சோறு, ரசம். அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது.

"யாரும்மா உள்ள?" என்று குனிந்து கேட்டார்.

"சாப்புடுங்க. பேரு வேணாம்."

அவர் இப்படிக் குனிந்து பார்த்தார், அப்படிச் சாய்ந்து பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் தெரியவில்லை.

"உங்களுக்கு அவங்க மூஞ்சி தெரியாது. அவங்களுக்கு உங்க மூஞ்சி தெரியாது" என்றாள் மஹீரா. "சொந்த வீட்டுல பொண்டாட்டி புருஷனுக்கு இப்படியா சார் சோறு போடுவா? வாங்கித் திங்க வெக்கப்பட்டவங்களுக்காகக் கட்டின செவரு இது. எந்த சொல்தாவும் தன் வீட்டுல இதக் கட்டமாட்டான். சத்திரத்துலதான் கட்டுவாங்க."

முத்துவேல் இலையை மேடையில் வைத்தார். பிறகு அட்டையில் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினார். "அடுப்பு எரியுது. சோறு போடறாங்க. என் கையால நானே எடுத்தேன். இத எழுதாம நான் வேற எத எழுத முடியும் மிஸ்டர் புருஷோத்தமன்? அந்தச் சமையக்கட்டுப் பூட்ட இப்பவே திறங்க. கோர்ட் உத்தரவு வர்ற வரைக்கும் இங்க இருக்கிறவங்க யாரையும் அசைக்கக் கூடாது. வேன்ல ஏத்தி அனுப்பினதா மனுவுல இருக்கிற அந்த நாலு பேரு எங்க இருக்காங்கன்னு ராத்திரிக்குள்ள எனக்குத் தெரியணும்."

பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். கையைக் கழுவினார். "சாப்பிடக் கூடாதுன்னு கமிஷனருக்குச் சட்டம் ஏதும் இருக்கான்னு தெரியல. போய்ப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, இலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. "இன்னும் எத்தினி பேரு?"

காத்தவராயன் வாசலில் வந்து நின்றிருந்தான். உள்ளே நுழைய இன்னும் துணிவு வரவில்லை. முத்துவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மஹீரா சாப்பிட்டாயிற்று. தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றவர் ஒருவர்தான் மிச்சம். காலையிலிருந்து ஆபீசருக்காக அலைந்ததில் அவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டார்.

"இன்னும் ஒருத்தரு இருக்காரும்மா" என்று காத்தவராயன் உரக்கச் சொன்னான்.

மெத்தென்று ஒரு இலை வந்து கல்லில் உட்கார்ந்தது.

புருஷோத்தமன் அறை வாசல் வரை வந்தார். பொந்தைப் பார்த்தார். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேணாம்" என்றார் சுவரைப் பார்த்து. "நான் சாப்புட்டுட்டேன்."

அந்தக் குரலைத் தனத்துக்கு அடையாளம் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் சுவருக்குள்ளிருந்து வந்த பதிலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை.

"அந்த ரூம்புக்கு வர்ற எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க. உக்காருங்க. ரசம் ஆறிடும்."

காத்தவராயன் முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான்.